விளியேற்காத நாடு: வெள்ளாற்றங்கரையிலிருந்து ஒரு பார்வை

புதுக்கோட்டையிலிருந்து திருமயம் போகும் பேருந்து வெள்ளாற்றுப் பாலத்தைக் கடக்க அரை நிமிடம்கூட ஆகாது. ஆண்டின் பெரும்பகுதி கீழே மணல்தான், ஓரங்களில் சீமைக்கருவேலம். நடத்துநர் டிக்கெட்டைக் கிழித்து மிச்சச் சில்லறையைத் தருவதற்குள் பயணி சோழநாட்டை விட்டுப் பாண்டிநாட்டுக்குள் போய்விட்டிருப்பார். இது என் கற்பனை அல்ல. மூவேந்தர் நாடுகளுக்கும் எல்லை சொல்லும் தனிப்பாடல்கள் அப்படித்தான் சொல்கின்றன. சோழநாட்டின் தெற்கெல்லை வெள்ளாறு, பரப்பு இருபத்துநான்கு காதம். பாண்டிநாட்டின் வடக்கெல்லை வெள்ளாறு, பரப்பு ஐம்பத்தாறு காதம். ஆற்றுக்கு வடக்கே கோனாடு, தெற்கே கானாடு என்பது இம்மண்ணின் பழைய உட்பிரிவு. இரு நாட்டு வேளாளரும் எல்லைக்காகவும் நீருக்காகவும் மோதிக்கொண்ட கதைகள் இன்றும் வழங்குகின்றன.

இந்த எல்லைப் பாடல்களைப் பள்ளியில் மனப்பாடம் செய்தவர்கள் பலர் உண்டு. அவற்றைப் பாடிக் கண் கலங்கியவர் எவரும் இருக்க மாட்டார். நாட்டின் பெயர் வருகிறது, நான்கு திசையும் வருகின்றன, அளவு வருகிறது, பாட்டு முடிந்துவிடுகிறது. நில அளவைக்காரரின் சங்கிலி வெண்பாவாக நீண்டு கிடக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும்.

இதற்கு நேர் எதிரான ஒரு மரபு உண்டு என்பதால்தான் இந்தக் கட்டுரை. அமெரிக்காவின் பாட்டுச் சந்தையில் மாநிலப் பெயரைச் சொல்லி உருகாத தலைமுறையே இல்லை. ஹோகி கார்மைக்கேல் இசையமைத்து ஸ்டூவர்ட் கோரெல் எழுதிய 'ஜார்ஜியா ஆன் மை மைண்ட்' 1930இல் வந்தது. 1960இல் ரே சார்ல்ஸ் பாடியபின் ஊரறிந்த பாட்டாயிற்று. 1979இல் ஜார்ஜியா அதைத் தன் மாநிலப் பாடலாகவே சட்டமாக்கிக்கொண்டது. 1943இல் அரங்கேறிய 'ஓக்லஹோமா!' என்ற இசைநாடகத்தின் தலைப்புப் பாட்டு 1953இல் அந்த மாநிலத்தின் பாடலானது. 1861இல் எழுதப்பட்ட 'மேரிலாண்ட், மை மேரிலாண்ட்' 1939 முதல் மாநிலப் பாடலாக இருந்தது. லிங்கனைக் கொடுங்கோலனாகச் சித்திரிக்கும் உள்நாட்டுப் போர்க்காலப் பாட்டு என்பதால் 2021இல் நீக்கப்பட்டது. இந்தப் பாட்டுகளில் மாநிலம் எப்படி நிற்கிறது என்று கவனித்தால் ஓர் இலக்கணச் செய்தி கிடைக்கும். மாநிலம் அங்கே அழைக்கப்படுகிறது. ஆளை எதிரே நிறுத்திப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதுபோல ஜார்ஜியாவையும் மேரிலாண்டையும் கூப்பிடுகிறார்கள். நம் இலக்கணத்தில் அது எட்டாம் வேற்றுமை, விளி.

தமிழ்ப் பாட்டில் நாட்டுப் பெயருக்குப் பஞ்சமே இல்லை. எழுவாயாக, செயப்படுபொருளாக, உடைமையாக, இடமாக, நீங்கும் எல்லையாக எங்கும் நாடுகள் நிறைந்திருக்கின்றன. விளியாகத்தான் அவை அரிது. ஏன் என்று கேட்பதற்குப் புதுக்கோட்டை மாவட்டம் பொருத்தமான இடம். இரண்டு பெருநாடுகளின் விளிம்பு இது. பின்னாளில் தானே ஒரு சமஸ்தானமாகவும் இருந்தது. அந்தச் சமஸ்தானம் ஏறத்தாழ 1,180 சதுர மைல். அமெரிக்காவின் மிகச் சிறிய மாநிலமான ரோட் ஐலண்டும் கிட்டத்தட்ட அதே அளவுதான். ஆக ஒப்பீடு அளவிலும் அவ்வளவு பொருந்தாததன்று.

தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் விளிமரபு என்று ஓர் இயலே வைத்தார். அதில் பெரும்பகுதி உயர்திணைப் பெயர்களுக்கே போய்விடுகிறது. அஃறிணைப் பெயர்களுக்கு வரும்போது ஒரு நிபந்தனையோடு பேசுகிறார்: விளிக்கும் காலம் வந்தால் அவை ஏகாரம் பெறும். அந்த 'வந்தால்' என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மரத்தையும் மலையையும் கூப்பிடும் காலம் எப்போதும் வருவதில்லை. வரும்போது என்ன செய்வது என்பதற்கு மட்டும் விதி. எந்தக் காலத்தில் அது வரும் என்று இலக்கணம் சொல்லவில்லை. அதைப் பாட்டுகளிடம்தான் கேட்க வேண்டும்.

முதலில் வராத இடங்களைப் பார்ப்போம். புறநானூற்றின் 24ஆம் பாட்டு மாங்குடி கிழார் தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனைப் பாடியது. மாவேள் எவ்வியின் மிழலையையும் தொன்முதிர் வேளிரின் முத்தூற்றையும் அவன் கைப்பற்றியது அதில் பேசப்படுகிறது. பின்னாளைக் கல்வெட்டுகளில் ஆவுடையார்கோயில், அறந்தாங்கிப் பக்கம் மிழலைக் கூற்றம் என்ற பெயரில் வருவதால் அறிஞர்கள் இந்த மிழலையை அங்கே வைப்பார்கள். முத்தூற்றுக் கூற்றம் அதற்குத் தெற்கே. மிழலைக்கு அடை, நீர் பாயும் மதகு. முத்தூற்றுக்கு அடை, குவித்த நெல். இரண்டும் விளைச்சலின் அடையாளங்கள். பாட்டு இவ்விரு நிலங்களையும் கூப்பிடவில்லை. அவற்றைத் 'தந்த' செழியனைக் கூப்பிடுகிறது.

அந்தத் 'தந்த' என்ற சொல் கூர்ந்து பார்க்கத் தக்கது. பிறனுடைய நிலத்தைப் பறித்ததைத் தமிழ் 'தந்த' என்று சொல்லும். யாருக்குத் தந்தது? தன் குடிக்கு, தன் குடைக்கு. இதே சொல் ஒரு புலவர் பெயரிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது: ஒல்லையூர் தந்த பூதப்பாண்டியன். ஒல்லையூரைப் புதுக்கோட்டை மாவட்டத்து ஒலியமங்கலம் என்று அடையாளம் காண்பார்கள். ஒல்லையூர்க் கூற்றம் கல்வெட்டுகளில் தாராளமாக வருகிறது. பூதப்பாண்டியனின் 71ஆம் பாட்டில் ஒல்லையூர் என்ற பெயரே கிடையாது என்பதை ஊர்ப்பெயர் ஆய்வாளர்கள் சில சமயம் மறந்துவிடுகிறார்கள். பெயர் இருப்பது பாட்டுக்குக் கீழே உள்ள குறிப்பில், தொகுத்தவர் கையால். பாட்டிலோ வஞ்சினம் மட்டும்: பகைவரைப் புறங்காணாவிட்டால் இவளைப் பிரிவேன், முறை தவறுவேன், நண்பர்களை இழப்பேன், தென்புலம் காக்கும் குடியை விட்டுப் பிறருடைய வன்புலம் காக்கப் பிறப்பேன். நண்பர்களை வரிசையாகச் சொல்லும்போது மையல் மாவனுக்கு, எயில் ஆந்தைக்கு அவனவன் நிலம் முன்னே நிற்கிறது. ஆள் யார் என்று தெரிவதற்கு நிலம். நிலம் அங்கே ஒரு முகவரி.

சோழர் காலத்து மெய்க்கீர்த்திகள் இந்த மரபின் பெருவிளைச்சல். முதலாம் இராசராசனுடையதில் வேங்கை நாடு, கங்கபாடி, நுளம்பபாடி, தடிகைபாடி, கொல்லம், கலிங்கம், ஈழ மண்டலம் என்று ஒரு தொடர். முதலாம் இராசேந்திரனுடையது 1025ஆம் ஆண்டுக் கடற்படையெடுப்புக்குப் பின் இன்னும் நீள்கிறது: பண்ணை, மலையூர், மாயிருடிங்கம், இலங்காசோகம், தலைத்தக்கோலம், மாதமாலிங்கம், மாநக்கவாரம், கடாரம். ஒவ்வொரு பெயருக்கும் ஓர் அடை. ஒன்றுக்குக் கடலே அகழி, ஒன்றுக்குத் தேன் மலிந்த சோலை. சந்தேகமே வேண்டாம், இவை பாட்டுகள். அகவல் ஓசை தெளிவாகக் கேட்கிறது. ஆனால் கோயில் சுவரில் இவை நிற்கும் இடம் என்ன? கீழே ஒரு நிலதானமோ விளக்குக்கான ஆடுகளோ வரிக் கழிவோ பதிவாகியிருக்கும். அந்த ஆவணத்தின் தலைப்பாகத்தான் மெய்க்கீர்த்தி வருகிறது. 1929இல் புதுக்கோட்டைச் சமஸ்தானம் தன் கல்வெட்டுகளைத் தொகுத்து அச்சிட்டபோது ஆயிரத்துக்கும் மேற்பட்டவை சேர்ந்தன. அவற்றைப் புரட்டுகிற எவருக்கும் படுவது இது: நாடுகளின் பெயர் கணக்கின் நெற்றியில் எழுதப்பட்டது.

பக்திப் பாட்டில் இந்தக் கணக்கு வேறு வடிவம் எடுக்கிறது. நாவுக்கரசர் அடைவு திருத்தாண்டகத்தில் கோயிலூர்ப் பெயர்களை அவற்றின் ஈறு கொண்டு அடுக்கினார்: பள்ளி என்று முடிவன ஒரு பாட்டு, குடி என்று முடிவன ஒரு பாட்டு, வாயில் என்று முடிவன ஒரு பாட்டு. வாயில் வரிசையில் கடல் சூழ்ந்த புனவாயில் இடம்பெறுகிறது, இன்றைய திருப்புனவாசல். சுந்தரரோ ஊர்த்தொகை பாடியது போதாதென்று நாட்டுத்தொகையும் பாடினார். அதில் அவர் கண்ட உத்தி எளிது: நாட்டுக்கும் அதிலுள்ள ஊருக்கும் ஒரே பெயராக இருப்பவற்றைத் தேடிப் பிடிப்பது. மருகல் நாட்டு மருகல், நறையூர் நாட்டு நறையூர், மிழலை நாட்டு மிழலை. நாடு ஆறாம் வேற்றுமையில், ஊர் எழுவாயில். நாடு ஊரைத் தாங்கும் உறை. 1959இல் பெர்ரி கோமோ பாடிய 'டெலவேர்' என்ற வேடிக்கைப் பாட்டு மாநிலப் பெயர்களைச் சிலேடையாக உடைத்து உடைத்து விளையாடியது. சுந்தரர் அதைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். பெயரோசையில் ஊறும் இன்பம் இருவருக்கும் பொது.

சேக்கிழார் இடங்கழி நாயனாரைச் சொல்லப் புகும்போது கோனாட்டின் தலைநகராகக் கொடும்பாளூரை வைக்கிறார். அங்கும் நாடு ஆறாம் வேற்றுமைதான். கதை என்ன? அடியார்க்கு அமுது படைக்க வழியற்ற ஒருவர் அரசனின் நெற்களஞ்சியத்தில் இரவில் புகுந்து அகப்பட்டுக்கொள்கிறார். காரணம் கேட்ட இடங்கழியார் களஞ்சியத்தையே திறந்துவிடுகிறார். முத்தூற்றுக் குப்பை நெல்லிலிருந்து கொடும்பாளூர்க் களஞ்சிய நெல்வரை இந்தப் பக்கத்தில் நாட்டின் பெயர் வரும் இடத்தில் நெல்லும் வருகிறது. தற்செயலாக இருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாடு என்பது விளைச்சலும் அதன் மேல் உரிமையும் சேர்ந்த ஒரு கணக்கலகு; புலவர்கள் அதை அப்படியே பாடினார்கள். சிலப்பதிகாரத்தில் இதே கொடும்பாளூர் கொடும்பை என்ற பெயரில் வரும்போது அது வழிகாட்டிப் பலகை. அதன் குளக்கரையிலிருந்து மதுரைக்கு மூன்று பாதைகள் சூலத்தின் முனைகள்போலப் பிரிகின்றன என்று மாங்காட்டு மறையோன் கோவலனுக்குச் சொல்கிறான். இன்று திருச்சி–மதுரை நெடுஞ்சாலை அதன் பக்கமாகத்தான் போகிறது.

மாணிக்கவாசகரிடம் வந்தால் என் வாதம் இன்னும் தெளிவாகும். திருப்பெருந்துறை, அதாவது ஆவுடையார்கோயில், திருவாசகம் முழுக்க ஒலிக்கும் பெயர். திருத்தசாங்கத்தில் அவர் கிளியிடம் கேள்வி கேட்கிறார்: பெருந்துறைக் கோனின் பெயர் என்ன, நாடு எது, ஊர் எது, ஆறு எது, மலை எது, ஊர்தி, படை, முரசு, தார், கொடி என்னென்ன. நாட்டுக்கு விடை பாண்டிநாடு. ஊருக்கு விடை உத்தரகோசமங்கை. அரசனின் பத்து உறுப்புகளில் நாடும் ஒன்று. அமெரிக்க மாநிலங்களில் பெரும்பாலானவை சட்டம் போட்டு மாநிலப் பறவை, மாநில மலர், மாநிலப் பாடல் என்று வைத்திருக்கின்றன. ஒருவகையில் அதுவும் தசாங்கமே. வேறுபாடு ஒன்றுதான்: நம் தசாங்கத்தின் நடுவே ஒரு கோன் உட்கார்ந்திருக்கிறான். அவர்களுடைய தசாங்கத்தில் நடுவிடம் காலி.

போற்றித் திருவகவலில் சிவனைத் தென்னாட்டை உடையவனாகவும் எந்நாட்டவர்க்கும் இறைவனாகவும் விளிக்கும் இடம் சைவ மடங்களில் நாள்தோறும் முழங்குவது. தமிழில் நாடு என்ற சொல் இவ்வளவு உரக்க ஒலிக்கும் இடம் வேறு இருக்குமா என்பது ஐயம். அங்கும் விளி நாட்டுக்கு அன்று, உடையவனுக்கு. நாடு அவனுக்குள் அடங்கிய உடைமை.

இனி விளிக்கும் காலம் வந்த இடம். புறநானூற்றில் 242ஆம் பாட்டு குடவாயிற் கீரத்தனார் பாடியது. ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் இறந்தபின் பாடியது. மிகச் சின்னப் பாட்டு. புலவர் முல்லையைப் பார்த்துப் பேசுகிறார். இளைஞர் உன்னைச் சூடமாட்டார்கள், வளையணிந்த மகளிர் பறிக்கமாட்டார்கள், பாணன் தன் யாழின் கோட்டால் உன் கொடியை மெல்ல வளைத்துக் கொய்து சூடமாட்டான், பாடினியும் அணியமாட்டாள், வலிய வேல் சாத்தன் மாய்ந்துவிட்டான், இதற்குப் பிறகும் இந்த ஒல்லையூர் நாட்டில் நீ பூக்கிறாயா? யாழின் கோடு என்ற அந்த ஒரு நுணுக்கம் பாட்டின் உயிர். பாணன் கை நீட்டிப் பறிப்பதில்லை. வாசிக்கும் கருவியையே தோட்டிபோல நீட்டி, கொடி நோகாமல் வளைத்து இறக்குகிறான். அப்படி ஒரு நாகரிகம் நிலவிய நாடு அது என்பதைப் புலவர் வேறு எப்படியும் சொல்லவில்லை. நெல் இல்லை, மதகு இல்லை, எல்லை இல்லை. இம்மண்ணைப் பற்றிய பாட்டுகளில் நாட்டின் பெயர் முதன்முறையாகக் கணக்கை விட்டு வெளியே நிற்பது இங்கேதான்.

ஆனாலும் இலக்கணப்படி நாடு இன்னும் ஏழாம் வேற்றுமையில் இருக்கிறது. விளி முல்லைக்கு. ஒரு படிதான் குறைவு.

அந்தப் படியைக் கபிலர் ஏறினார், பொன்னமராவதிக்குச் சற்று மேற்கே. பாரியின் பறம்பு இன்று சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலை. எங்கள் மாவட்ட எல்லையை ஒட்டிய மலை. அவன் இருந்தபோது அது முந்நூறு ஊர்களைக் கொண்ட நாடு என்பதையும், அவ்வளவும் பரிசிலர்க்குப் போயிற்று என்பதையும் கபிலரே 110ஆம் பாட்டில் சொல்கிறார். பாரி இறந்தபின் அவன் மகளிரை அழைத்துக்கொண்டு மலையை விட்டு இறங்கும்போது பாடிய 113ஆம் பாட்டில் அவர் நேரே நிலத்தை நோக்கிப் பேசுகிறார்: 'பறம்பே'. தொல்காப்பியர் சொன்ன அதே ஏகாரம். மதுச்சாடி திறந்ததும் ஆடு வீழ்த்ததும் ஊனும் சோறும் குறையாமல் கிடைத்ததும் நினைவுகூர்ந்து, நீ முன்பு எங்களோடு நட்பாயிருந்தாய், இப்போது பாரி இல்லாமையால் கலங்கிக் கண்ணீர் வாரப் போகிறோம், வாழி என்று விடைபெறுகிறார்.

இரண்டு பாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் விளிக்கும் காலம் எது என்பது விளங்கிவிடும். தலைவன் இருக்கும்வரை நாட்டைக் கூப்பிட வேண்டிய தேவை புலவனுக்கு இல்லை. கூப்பிட அவன் இருக்கிறான். நாடு அவனுடைய அடைமொழி. அவன் போனபின் கூப்பிடும் இடம் காலியாகிறது. அப்போதுதான் பூவும் மலையும் அந்த இடத்துக்கு வருகின்றன.

மறுப்பு ஒன்று உடனே எழும். ஔவையாரின் 187ஆம் பாட்டில் நிலமே வாழி என்ற விளி இருக்கிறதே, அங்கே எந்தத் தலைவனும் இறக்கவில்லையே என்று. உண்மை. ஆனால் அந்த நிலத்துக்குப் பெயர் இல்லை. நாடானால் என்ன, காடானால் என்ன, ஆடவர் நல்லவரானால் நீயும் நல்லை என்கிறது பாட்டு. பெயரே இல்லாத நிலத்துக்குத் தலைவனும் இருக்க முடியாது; கூப்பிடுவதற்குத் தடையும் இல்லை. என் வாதத்தை இது குலைக்கவில்லை. மறுபக்கத்திலிருந்து அதற்கு முட்டுக்கொடுக்கிறது. இன்னொரு மறுப்பு வலுவானது: ஊரை விட்டுப் பிரிந்தாலே போதாதா, தலைவன் சாக வேண்டுமா? கபிலரின் விளி பிரிவால் வந்ததாகவே இருக்கலாமே?

இதற்கு விடை கடல் கடந்த பாட்டுகளில் இருக்கிறது. திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களின் பாடல்களைச் சி.வி. வேலுப்பிள்ளை போன்றோர் திரட்டினார்கள். அவற்றில் எல்லோரும் அறிந்த ஒன்று ஊரை இழந்ததையும் ஒற்றைப் பனைத் தோப்பை இழந்ததையும் சொல்லி, கண்டியிலே பெற்ற தாயை மறந்ததற்கு அழுகிறது. கண்டி ஏழாம் வேற்றுமை. இழந்த ஊர் இரண்டாம் வேற்றுமை, அதற்குப் பெயர்கூட இல்லை. பிரிவு இதைவிடக் கொடியதாக இருக்க முடியாது. ஆனாலும் நாட்டை யாரும் விளிக்கவில்லை. அழைக்கத் தாய் இருந்தாள், அல்லது அவளுடைய நினைவு இருந்தது.

இராயவரம், கோனாபட்டு, விராச்சிலை, குழிபிறை போன்ற நகரத்தார் ஊர்களில் கதை செல்வத்தின் பக்கம் திரும்புகிறது. ரங்கூனும் பினாங்கும் கொழும்பும் தாலாட்டில் மாமன் போன இடங்களாக, சீர் வரும் திசைகளாக நுழைந்தன. இராசேந்திரனின் மெய்க்கீர்த்தியில் கடாரம் வென்ற நாடு. அதே கெடாக் கரையை அடுத்த பினாங்கு ஒன்பது நூற்றாண்டு கழித்து இங்கே தொட்டில் பாட்டில் மாமன் பெட்டி அனுப்பும் ஊர். இரண்டிலும் நாட்டோடு சரக்கு வருகிறது. திருக்குற்றாலக் குறவஞ்சியில் சிங்கி தன் கால் அணிகலன்களை ஒவ்வொன்றாகக் கணக்குச் சொல்லும்போதும் இதே சங்கதிதான்: சிலம்பு சேலத்திலிருந்து, காலாழி கண்டியிலிருந்து. விளியெல்லாம் சந்தேகப்பட்டுக் கேள்வி கேட்கும் சிங்கனுக்கு. பாரதியும் பாரத தேசம் பாட்டில் கங்கைக்கரைக் கோதுமைக்குக் காவிரி வெற்றிலையைப் பண்டமாற்றுச் செய்தான். 1948இல் 'இன்சைடு யு.எஸ்.ஏ.' என்ற மேடை நிகழ்ச்சிக்காக டீட்ஸும் ஷ்வார்ட்ஸும் எழுதிய ரோட் ஐலண்டு பாட்டு ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு விளைபொருளைச் சொல்லிக் கடைசியில் காதலியை ரோட் ஐலண்டின் விளைபொருளாக்கும். சரக்குப் பட்டியல் என்பது உலகப் பொது.

நம் காலத்து அரசுப் பாடல்களும் பழைய இலக்கணத்தை விடவில்லை. மனோன்மணீயம் 1891இல் வந்தது. அதன் வாழ்த்துப் பாட்டு 1970 முதல் தமிழக அரசு விழாக்களில் பாடப்படுகிறது. 2021 டிசம்பர் 17 அன்று மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டது. அதில் தெக்கணம் வருகிறது, திராவிட நாடு வருகிறது. தமிழ்நாடு என்ற பெயர் வரவில்லை. சுந்தரம் பிள்ளை எழுதியது திருவிதாங்கூர் அரசில் பேராசிரியராக இருந்தபோது. தமிழ்நாடு என்ற பெயரே 1969 ஜனவரியில்தான் அதிகாரபூர்வமாயிற்று. ஆனால் என் கவனம் விளியின் மேல். அந்தப் பாட்டில் அழைக்கப்படுவது தமிழ் என்னும் அணங்கு. முகமும் நெற்றியும் திலகமும் நிலமடந்தைக்கு உரியவை. 1911 டிசம்பர் 27 அன்று கல்கத்தா காங்கிரசில் முதலில் பாடப்பட்ட இன்றைய நாட்டுப் பண்ணிலும் பஞ்சாப், சிந்து, குஜராத், மராட்டம், திராவிடம், உத்கலம், வங்கம் எல்லாம் அடுக்காக நிற்க, விளி பாரதத்தின் விதியை வகுப்பவனுக்குப் போகிறது. சிந்து இப்போது பாகிஸ்தானில் இருக்கிறது, எடுத்துவிட வேண்டும் என்று தொடுத்த வழக்கை உச்ச நீதிமன்றம் 2005இல் தள்ளுபடி செய்தது. பாட்டுக்குள் போன நாடு வருவாய்த் துறையின் எல்லைக்குக் கட்டுப்படாது என்பதை நீதிமன்றமும் ஒருவகையில் ஒப்புக்கொண்டது.

அமெரிக்க மாநிலம் ஏன் விளியேற்றது என்பதற்கு இப்போது என்னால் ஒரு விடை சொல்ல முடியும். அங்கே நடுவிடம் தொடக்கத்திலிருந்தே காலி. அரசனைத் துரத்திய குடியரசில், தாயாக உருவகித்த மொழியும் இல்லாத இடத்தில், பாடகன் கையை நீட்டிக் கூப்பிட மாநிலம்தான் எதிரே நின்றது. எழுதியவர்கள் அங்கே வாழ்ந்தவர்களாகக்கூட இருக்க வேண்டியதில்லை. 1971இல் ஜான் டென்வர் பாடிய 'கன்ட்ரி ரோட்ஸ்' மேற்கு வர்ஜீனியாவின் மாநிலப் பாடல்களில் ஒன்றாக 2014இல் ஏற்கப்பட்டது. அந்தப் பாட்டு உதித்தது மேரிலாண்டின் ஒரு சாலையில். 'ஸ்வீட் ஹோம் அலபாமா' பாடிய குழு புளோரிடாக்காரர்கள். கன்ட்ரி ரோட்ஸில் விளி முதலில் போவது சாலைக்கு. குடவாயிற் கீரத்தனார் முல்லையிடம் பேசியதுபோல.

புதுக்கோட்டையின் நடுவிடம் 1948 மார்ச் 3 அன்று காலியாயிற்று. இராஜகோபாலத் தொண்டைமான் கையொப்பமிட, சமஸ்தானம் திருச்சி மாவட்டத்தோடு சேர்ந்தது. 1974 ஜனவரி 14 முதல் தனி மாவட்டம். தலைவன் போனால் நாடு விளியேற்கும் என்ற என் வாதப்படி அன்றைக்கு யாராவது 'புதுக்கோட்டையே' என்று பாடியிருக்க வேண்டும். அப்படி ஒரு பாட்டு ஊர் வாயில் நிலைக்கவில்லை. 2004இல் தனுஷ் நடித்து வந்த படத்தின் பெயரில் ஊர் வந்தது, ஐந்தாம் வேற்றுமையில்: 'புதுக்கோட்டையிலிருந்து சரவணன்'. கதாநாயகன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவன். விளி வராததற்குக் காரணம், கூப்பிடும் இடம் ஒருநாள்கூடக் காலியாக இருக்கவில்லை என்பதே. தொண்டைமானின் அரண்மனை இன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகம். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் வாசலில் மனு எழுதுபவர்கள் தாள்களோடு உட்கார்ந்திருப்பார்கள். ஒலியமங்கலத்திலிருந்தோ மிழலைப் பக்கத்திலிருந்தோ வந்தவர் சொல்லச் சொல்ல, இடது ஓரத்தில் கிராமம், வட்டம், மாவட்டம் என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுவார்கள். பிறகு ஒரு வரி இடம் விட்டு, பெரிய எழுத்தில்: ஐயா.